எலி இல்லாத தட்டு

மாடிசன் நகரத்தில் நான் பார்த்த முதல் எலி ஒரு பனிக்கட்டி வாளிக்குள் இருந்தது. வால் இல்லை, மீசை இல்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு குப்பி. அதற்குள், தண்ணீர் கூடிப்போன நன்னாரி சர்பத் நிறத்தில் கொஞ்சம் திரவம்.

"இதுதான் மாமா மேட்ரிஜெல். எலிக்கு வர்ற ஒரு புற்றுக்கட்டியிலேருந்து பிரிச்செடுக்கிறாங்க. நேத்து ராத்திரியே ஃபிரிட்ஜுக்குள்ள ஐஸ் மேல வச்சு உருக விட்டேன். வெளியில வச்சா நம்ம பேச்சு முடியறதுக்குள்ள கெட்டியாயிடும்" என்றாள் நண்பரின் மகள்.

நெய் சூட்டில் இளகிக் குளிரில் உறைவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். குளிரில் நீராக ஓடுகிறது, உடம்புச் சூட்டில் உறைகிறது. குப்பியை மட்டுமல்ல, அதை உறிஞ்சும் பைப்பெட்டின் முனைகளையும் அவள் முன்கூட்டியே குளிரவைத்திருந்தாள். ஒரு நர்ஸ் குழந்தைக்கு ஊசி போடும் கவனத்தோடு கொஞ்சம் எடுத்து, குளிர்ந்த ஊட்ட நீரில் கலந்து, பணியாரக் கல் போல ஆறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் குழிக்கு ஒரு மில்லிலிட்டர் விட்டாள். தட்டை லேசாகச் சாய்த்துச் சாய்த்துப் பரப்பினாள். இனி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் குழியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். அந்தப் படலத்தின் மேல்தான் மனித ஸ்டெம் செல் உட்காரும்.

மனித செல்லுக்கு எலிப் புற்றில் பாய் விரிப்பானேன்?

நான் மாடிசனுக்கு வந்தது இதற்காக இல்லை. விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகரான இந்த ஊரில் ஒவ்வோர் அக்டோபரிலும் தென்னாசியாவைப் பற்றி ஆராய்கிறவர்கள் கூடுகிறார்கள். பழைய தமிழ்ப் பத்திரிகைகளைப் பற்றி ஓர் அமர்வில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பதினைந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு நாளுக்கு மேல் பயணம். சிகாகோ ஓஹேர் விமான நிலையத்திலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த மக்காச்சோளக் காடுகள், சிவப்புச் சாயம் பூசிய தொழுவங்கள், இலை சிவந்த மேப்பிள் மரங்கள். மெண்டோட்டா, மொனோனா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே வரப்பு போட்ட மாதிரி கிடக்கிறது ஊர். வரப்பின் உச்சியில் வெள்ளைக் கருங்கல் கோபுரத்தோடு மாநிலச் சட்டமன்றம்.

பேருந்தின் கடைசிப் படியில் என் வலது முட்டி வழக்கம்போல ஒரு முறை கத்தியது. கோட்டுப் பைக்குள் ஒரு துண்டறிக்கை இருந்தது. எங்கள் பக்கத்து நகரத்தில் ஒரு கிளினிக்கில் கொடுத்தது. அறுவை சிகிச்சை வேண்டாம், ஸ்டெம் செல் ஊசி போதும் என்று வழவழப்பான தாளில் அச்சடித்திருந்தார்கள். விலையை அச்சடிக்கவில்லை, பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பூஜ்ஜியங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்திருந்தேன். பாளையங்கோட்டையில் என்னோடு படித்த நண்பரின் மகள் மாடிசனில் ஸ்டெம் செல்லில்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று தெரிந்ததும், என் பேச்சுக்கு மறுநாள் அவள் கூடத்தைப் பார்க்க அனுமதி வாங்கித் தரச் சொன்னேன். வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, கையுறை எல்லாம் மாட்டிவிட்டு, "எதையும் தொடாதீங்க மாமா, என்னையும்" என்றாள்.

துண்டறிக்கையைக் காட்டியபோது படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அதுவே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. "உங்க முட்டிக்கு இவங்க சொல்றது வேற வகை செல். எலும்பு மஜ்ஜையிலயோ கொழுப்புலயோ எடுக்கிறது. அது பிடிவாதம் இல்லாத செல், சாதா பிளாஸ்டிக் தட்டுலயே ஒட்டிக்கும். ஆனா வளர்க்கறதுக்குப் பல இடத்துல கன்னுக்குட்டி சீரம் ஊத்துவாங்க. இவங்க என்ன ஊத்தறாங்கன்னு இதுல போடலையே?"

சாதா பிளாஸ்டிக் என்று அவள் சொன்னதிலும் ஒரு கதை உண்டு. ஆய்வுக்கூடத் தட்டுகள் பாலிஸ்டைரீனால் ஆனவை. அது தாமரை இலை மாதிரி. ஈரம் ஒட்டாது, செல்லும் ஒட்டாது. மின்னேற்றிய வாயுவைப் பாய்ச்சி அதன் மேற்பரப்பைக் கொஞ்சம் ஆக்சிஜன் ஏற வைத்த பிறகுதான் உடம்புச் செல்கள் அதில் காலூன்றுகின்றன. பெரும்பாலான செல்களுக்கு அது போதும். கருவிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லுக்குப் போதாது. அது நினைத்தால் இதயமாகும், நரம்பாகும், கணையமாகும். ஆனால் நாம் கேட்கும் வரை எதுவாகவும் ஆகாமல், தன்னைப் போலவே பெருகிக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்காத தரையில் வைத்தால் செத்துவிடும், அல்லது தான்தோன்றியாக ஏதோ ஒன்றாக மாறிவிடும்.

அந்தச் செல்லை மனிதரிடமிருந்து முதன்முதலில் எடுத்து வளர்த்த ஊர் இதுதான். கால்நடை மருத்துவம் படித்த ஜேம்ஸ் தாம்சன், முதலில் குரங்கில் செய்து பார்த்துவிட்டு, 1998 நவம்பர் 6-ஆம் தேதி 'சயன்ஸ்' இதழில் மனிதச் செல்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்காக உருவாக்கி, பிறகு தேவைப்படாததால் தம்பதியர் மனமுவந்து கொடுத்த கருக்களிலிருந்து ஐந்து செல் வரிசைகள். அவற்றில் எச்1, எச்9 என்று பெயரிட்ட வரிசைகள் இன்றும் உலகமெங்கும் பெருகிக்கொண்டிருக்கின்றன. மனிதக் கருவைச் சிதைக்கும் ஆய்வில் மத்திய அரசின் பணம் ஒரு காசுகூடப் படக்கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் தாம்சன் தனிப் பணத்தில், தனிக் கூடத்தில் வேலை செய்தார். பணம் கொடுத்தவர்களில் ஒன்று, பல்கலைக்கழகத்தின் காப்புரிமைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்ஃப் என்ற அறக்கட்டளை. ரத்தம் உறையாமலிருக்க நம் வீட்டுப் பெரியவர்கள் விழுங்கும் வார்ஃபரின் மாத்திரைக்கு அந்தப் பெயர் இந்த அறக்கட்டளையிலிருந்து வந்ததுதான். அதுவும் மாடிசன் கண்டுபிடிப்பு. முதலில் கடைக்கு வந்தது எலி மருந்தாக. இந்த ஊருக்கும் எலிக்கும் பழைய கணக்கு.

தாம்சன் தன் செல்களை வெறும் தட்டில் வளர்க்கவில்லை. எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களைத் தட்டில் பரப்பி, அவை மேற்கொண்டு பெருகாதபடி கதிர்வீச்சுக் காட்டி, அந்த மெத்தையின் மேல் மனிதச் செல்லை வைத்தார். ஊட்டும் செல்கள் என்று விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு என்னவோ செவிலி என்ற பழைய சொல்தான் வாயில் வந்தது. பெற்றவள் ஒருத்தி, மடியில் போட்டு வளர்த்தவள் ஒருத்தி.

செவிலியின் வாசனை பிள்ளை மேல் ஏறாமலா போகும்? 2005-இல் சான் டியாகோ ஆய்வாளர்கள், இப்படி எலிச் செல்லோடும் விலங்குச் சீரத்தோடும் வளர்ந்த மனித ஸ்டெம் செல்களின் மேல் மனித உடம்பு தானாகச் செய்யாத ஒரு சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். நம் ரத்தத்தில் அதற்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செல்லை நோயாளியின் உடம்பில் வைத்தால் உடம்பு அதை அந்நியன் என்று விரட்டக்கூடும். எலியிடமிருந்து கிருமி தொற்றும் பயம் வேறு.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2001-இல், கலிஃபோர்னியாவின் ஜெரான் நிறுவனத்தார் செவிலியை எடுத்துவிட்டு மேட்ரிஜெல்லை விரித்துக் காட்டியிருந்தார்கள். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் எலி போகவில்லை. உயிருள்ள எலிச் செல்லுக்குப் பதில் எலிக்கட்டியின் சாறு வந்தது. அந்தச் சாற்றில் லேமினின், கொலாஜன் என்று முக்கியமான சில புரதங்கள் உண்டு. அவை போக என்னென்ன உண்டு என்று 2010-இல் எண்ணிப் பார்த்தவர்கள் ஏறக்குறைய 2,000 புரதங்களைக் கண்டார்கள். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் ஒற்றுமை பாதிக்குச் சற்றுமேல்தான். ஒரே கடையில் வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் வேறு ருசி காட்டும் மசாலாப் பொடி. "புது லாட் வந்தா ஒரு வாரம் சோதிச்சுப் பாத்துட்டுதான் கை வைப்போம். போன வருஷம் ஒரு லாட் சரியில்ல, மூணு வாரத்து வேலை போச்சு" என்றாள். சொல்லும்போது அந்தக் குப்பியை அவள் பார்த்த பார்வை, கெட்டுப்போன பாலைப் பார்க்கிற பார்வை.

பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாள். முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. மெல்லத் தெளிந்தபோது, சாம்பல் வெளியில் ஒரு வட்டத் திட்டு. ஓரம் வழித்துவிட்ட மாதிரி வழவழப்பு. உள்ளே செல்கள் நெருக்கிப் பாவிய கூழாங்கற்கள் போல இடைவெளி விடாமல் அடைந்திருந்தன. ஒவ்வொன்றிலும் உட்கரு பெரிதாக, மற்ற இடம் சிறிதாக. வீட்டை விடப் பூஜையறை பெரிது. தட்டை ஒரு நூல் நகர்த்தினாள். வேறொரு திட்டின் ஓரத்தில் ஒரு செல் மட்டும் தட்டையாக, நீளமாகக் கையைக் காலை நீட்டிக் கிடந்தது. "அது போயிடுச்சு மாமா. இனிமே அது ஸ்டெம் செல் இல்ல, வேற ஏதோ ஆகிட்டிருக்கு." மெல்லிய முனையால் அதைச் சுரண்டி எடுத்தாள். ஒரு செல்லை இவ்வளவு சலனமில்லாமல் கைகழுவியதைப் பார்க்க ஒரு கணம் என்னவோ போலிருந்தது.

எலியை வெளியேற்றும் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதே மாடிசனில் லாரா கீஸ்லிங்கின் குழு செய்தது. அதில் தங்கமும் கந்தகமும் வருகின்றன. சித்தர் ரசவாதம் கேட்டு வளர்ந்தவனுக்கு இது போதாதா? கண்ணாடியின் மேல் மிக மெல்லிய தங்கப் பூச்சு. கந்தகத்துக்குத் தங்கத்தின் மேல் தீராத பிடிப்பு. ஆகவே ஒரு முனையில் கந்தகம் வைத்த மூலக்கூறுகளை அதன்மேல் விட்டால், கந்தக முனை தங்கத்தைக் கவ்விக்கொள்ள, மற்ற முனை மேலே நிமிர, வயலில் வரிசையாக நட்ட நாற்று மாதிரி தானாகவே அணிவகுத்து நிற்கும். நிமிர்ந்த முனையில் நமக்கு வேண்டிய பெப்டைடைக் கட்டிவிடலாம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்களைக் கோத்த குட்டிச் சரம். (எந்த மரபெழுத்து எந்த அமினோ அமிலத்தைக் குறிக்கும் என்ற அகராதியை அவிழ்த்ததற்காக 1968-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஹர் கோவிந்த் கொரானா, அந்த வேலையைச் செய்ததும் இந்த ஊரில்தான். அந்தக் காலத்தில் இங்கே சைவச் சாப்பாடு எங்கே கிடைத்திருக்கும் என்று யோசித்தேன்.) ஒரே தகட்டில் புள்ளி புள்ளியாக வெவ்வேறு பெப்டைடை வைத்து, மேலே செல்களை விட்டு, எந்தப் புள்ளியில் அவை குடியிருக்கின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. பெண் பார்க்கப் போன கதைதான், பார்ப்பது மட்டும் செல்.

2010-இல் அவர்கள் சொன்ன விடை எதிர்பாராதது. செல் தரையைப் பிடிக்கத் தன் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதக் கொக்கிகளைத்தான் மாட்டும் என்பது பொதுவான எண்ணம். அந்தக் கொக்கிக்கு ஏற்ற வளையத்தைத் தட்டில் வைப்பதே வழக்கம். மாடிசன் குழுவுக்கு நன்றாக வேலை செய்த பெப்டைடோ, கொக்கியை விட்டுவிட்டு, செல்லைப் போர்த்தியிருக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடித்தது. கையைப் பிடிக்காமல் முந்தானையைப் பிடித்த மாதிரி. அந்தத் தரையில், செல்கள் தனித்திருந்தால் சாகாதபடி தடுக்கும் ஒரு சிறு மருந்தின் துணையோடு, மனித ஸ்டெம் செல்கள் மாதக்கணக்கில் தம் குணம் மாறாமல் பெருகின. அந்தத் தரையில் எலி இல்லை, மாடு இல்லை. என்ன இருக்கிறது என்று முழுசாக எழுதிக் காட்டக்கூடிய தரை.

அந்த 2010 ஒரு விசித்திரமான ஆண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் பெப்டைடுகூட இல்லாத, முழுக்க முழுக்க வேதிப்பொருளான ஒரு பாலிமர் பூச்சை அதே ஆண்டில் காட்டினார்கள். கைபேசிக் கண்ணாடிக்குப் பேர்போன கார்னிங் நிறுவனம் அக்ரிலேட்டில் பெப்டைடு பதித்த தட்டைக் காட்டி, சின்தமேக்ஸ் என்ற பெயரில் விற்பனைக்கே கொண்டுவந்தது. எம்.ஐ.டி.யில் ஐந்நூறு அளவிலான பாலிமர்களை ஒரே சமயத்தில் சோதித்தார்கள். நான்கு இடத்தில் நான்கு தரை, ஒரே ஆண்டில். கூடிப் பேசி வைத்துச் செய்தது போல இருந்தாலும், எல்லோரையும் விரட்டியது ஒரே அவசரம்தான். ஒரு மாரடைப்பில் அழியும் இதயத் தசைச் செல்கள் நூறு கோடி அளவில் இருக்கும் என்பார்கள். அத்தனையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் எத்தனை எலி வேண்டும்?

மாலையில் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். பல்கலைக்கழகத்தின் மெமோரியல் யூனியன் கட்டடத்துக்குப் பின்னால் படிப்படியாக இறங்கும் மொட்டைவெளி, அதில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிற இரும்பு நாற்காலிகள். முதுகுப் பக்கம் உதிக்கும் சூரியன் மாதிரி கம்பி விரிந்திருக்கும். காற்று ஏரியிலிருந்து நேராக முட்டிக்குள் புகுந்தது. "தரையில என்ன பூசியிருக்குங்கறது மட்டும் இல்ல மாமா, தரை எவ்வளவு கெட்டிங்கறதும் செல்லுக்குத் தெரியும்" என்றாள். 2006-இல் பென்சில்வேனியாவில் செய்த சோதனை அது. மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை மூளை போல மெத்தென்ற ஜெல்லில் வைத்தால் நரம்பின் சாயல் எடுக்கின்றன. தசை அளவு கெட்டியில் தசையின் சாயல். இன்னும் கெட்டியில் எலும்பின் சாயல். ஊட்டிய உணவு எல்லாவற்றுக்கும் ஒன்றே. "இந்த நாற்காலி மாதிரி இருந்தா எலும்புதான்" என்று அதைத் தட்டிக் காட்டினாள். ஏற்கெனவே எலும்புதான் பிரச்சினை என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை. சட்டமன்றத்தைச் சுற்றியுள்ள சதுக்கத்தில் உழவர் சந்தை. ஆயிரக்கணக்கானவர்கள் கோபுரத்தை வலம் வருகிறார்கள் என்று சொல்லவந்தேன். இல்லை, இடம் வருகிறார்கள். எல்லோரும் அப்பிரதட்சணமாகத்தான் சுற்ற வேண்டும் என்பது இந்தச் சந்தையின் எழுதாத விதி. பழக்கதோஷத்தில் வலமாகத் திரும்பி, எதிரே வந்த கூட்டம் முழுவதிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்று காலை பிடித்த பாலாடைக்கட்டித் துண்டுகளை வாங்கித் தந்தாள். கடித்தால் பல்லுக்கிடையில் புதுச் செருப்பு மாதிரி கீச்சென்று சத்தம் போடும். பத்தரைக்குக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செல்களுக்குச் சாப்பாட்டு நேரம். பழைய ஊட்ட நீரை உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும், தினமும், சனி ஞாயிறு தீபாவளி பார்க்காமல்.

நடந்துகொண்டே கேட்டேன். தங்கத் தகடும் பாலிமரும் வந்து இத்தனை ஆண்டாகியும் உன் வாளியில் ஏன் இன்னும் எலி?

"பழக்கம்தான் பாதி. இருபது வருஷத்து முடிவெல்லாம் மேட்ரிஜெல்ல வந்தது. நான் திடீர்னு வேற தட்டுக்குப் போனா, மாறினது செல்லா தட்டான்னு கேப்பாங்க. அப்புறம், ஒரு தட்டுல ஒரு வரிசை நல்லா வளரும், இன்னொரு வரிசை மூஞ்சிய திருப்பிக்கும். எலிச் சாறுல என்னென்னவோ கிடக்கறதால எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு பிடிச்சிருக்கும்."

நோயாளிக்குப் போகும் செல் என்றால் கதை வேறு என்றாள். அங்கே பலர் நடுவழியில் போகிறார்கள். 2011-இல் தாம்சன் குழுவினர் ஊட்ட நீரை எட்டே பொருளுக்குக் குறைத்து, தரையில் நுண்ணுயிரிக்குள் தயாரித்த வைட்ரோநெக்டின் என்ற மனிதப் புரதத்தின் துண்டைப் பூசினார்கள். ஜப்பானின் கியோட்டோவில் உள்ள ஸ்டெம் செல் நிலையத்தில் லேமினின் புரதத்தின் துண்டு ஒன்றை விரிக்கிறார்கள். எலியும் இல்லை, முழுச் செயற்கையும் இல்லை. என் கணிப்பில் முழுச் செயற்கைத் தட்டு ஜெயிக்கப் போவது ஆய்வுக்கூடத்தில் அல்ல, தொழிற்சாலையில். லட்சம் தட்டு வேண்டும், லட்சமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்ற நிலை வரும்போது எலியால் ஈடுகொடுக்க முடியாது.

விமானத்தில் துண்டறிக்கையை மறுபடி விரித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே இருக்கின்றன: ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை போன்றவை போக, மற்ற ஸ்டெம் செல் பயன்பாடெல்லாம் முறையாகப் பதிந்த ஆய்வுச் சோதனையாக மட்டுமே நடக்கலாம். ஆய்வுக்கு நோயாளியிடம் காசு வாங்கக்கூடாது. அதற்குப் பிறகு சோதித்துத் தேறி, அரசு அனுமதி வாங்கிய தயாரிப்பும் நம் நாட்டில் வந்திருக்கிறது. அப்படி ஏதாவதென்றால் அனுமதி எண்ணைப் பெருமையாகப் போட்டிருப்பார்களே. தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். எண் இல்லை, மலையேறும் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் படம் இருந்தது.

ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் அந்தக் கிளினிக்குக்குப் போன் செய்தேன். செல்லை எங்கே வளர்க்கிறீர்கள், எந்தத் தட்டில், என்ன ஊற்றி என்று கேட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் சார் என்று என் எண்ணைக் குறித்துக்கொண்டார். ஐந்து வாரமாகிறது. இன்னும் கூப்பிடவில்லை.